ஜெபிச்சும் சண்டை நிக்கலையேன்னு கேக்குற பையனுக்கு என்ன சொல்றது?

கேள்வி: அக்கா, நான் எங்க பங்குல மறைக்கல்வி டீச்சர். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பத்தாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு கிளாஸ் எடுக்குறேன். உக்ரைன் சண்டை ஆரம்பிச்சதுல இருந்து பூசைல சொல்ற மன்றாட்டுல சமாதானத்துக்கு ஜெபிச்சிட்டு இருக்கோம், அப்புறம் மணிப்பூர், சூடான், காசான்னு பேரு கூடிக்கிட்டேதான் போச்சு. போன வாரம் ஒரு பையன் எந்திரிச்சு "டீச்சர், நாம ஜெபிக்க ஜெபிக்க சண்டை கூடத்தான செய்யுது, அப்புறம் எதுக்கு இது?"ன்னு கேட்டுட்டான். எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. உண்மைய சொல்லணும்னா எனக்கே இப்பல்லாம் அந்த மன்றாட்டு வரும்போது மனசு ஒட்ட மாட்டேங்குது. எதிர்நோக்கு எதிர்நோக்குன்னு, அதாவது நல்லது வரும்னு நம்பிக் காத்திருக்கணும்னு, நாம சொல்றது நம்மள நாமே ஏமாத்திக்கிறதா அக்கா? பி.கு.: எங்க ஊர்லயே தேர் எந்தத் தெரு வழியா போகணும்ங்கற தகராறுல ரெண்டு தெருக்காரங்க மூணு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. இந்த லட்சணத்துல உலக சமாதானம்!
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புத் தங்கச்சி, முதல்ல அந்தப் பையன விட்டுடாதீங்க. வாராவாரம் மன்றாட்டுக்கு "ஆண்டவரே எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்"னு பழக்கத்துல சொல்லிட்டு உக்காந்துடுற நம்ம பல பேர விட அவன் அந்த ஜெபத்த சீரியஸா எடுத்திருக்கான், கேட்டதுக்கு பதில் வரணும்னு எதிர்பாக்குறான், விசுவாசம் இல்லாத பிள்ளைக்கு இந்தக் கோவம் வராது. திருப்பாடல் புத்தகத்துல நிறைய எடத்துல இந்த மாதிரி கேள்விதான். 13-ஆம் திருப்பாடல் தொடங்குறதே ஆண்டவரே இன்னும் எத்தனை நாளைக்கு என்னை மறந்திருப்பீர்னு கேட்டுட்டுதான். அடுத்த கிளாஸ்ல அத அவனையே சத்தமா வாசிக்க சொல்லுங்க. தான் கேட்டது பைபிளுக்கு வெளிய இல்லன்னு அவனுக்குத் தெரியட்டும்.

இனி உங்க கேள்விக்கு வரேன். ஜெபம்ங்கறது சுவிட்ச் போட்டா லைட் எரியற மாதிரின்னு பிள்ளைங்களுக்கு யாரும் சொல்லித் தர்றது இல்ல, ஆனா நாம ஜெபிக்கிற விதத்துல அவங்க அப்படித்தான் புரிஞ்சுக்கிறாங்க. "உலகில் அமைதி நிலவ"ன்னு ஒரு வரி, முடிஞ்சுது. எங்க, யாருக்கும் யாருக்கும், எதனால, எதுவும் இல்ல. நான் உங்களுக்கு ஒரு நாட்டோட கதைய கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா ஜெபிச்சவங்க அதோட நிக்காம எந்திரிச்சுப் போனா என்ன ஆகும், எவ்வளவு நாள் ஆகும், எது ஆகாதுன்னு எல்லாமே அதுல இருக்கு.

மொசாம்பிக். ஆப்பிரிக்காவோட கிழக்குக் கரை. 1975-ல போர்ச்சுக்கல்கிட்ட இருந்து விடுதலை வாங்குச்சு, ரெண்டு வருஷத்துக்குள்ள உள்நாட்டுச் சண்டை. ஒரு பக்கம் ஃப்ரெலிமோ அரசாங்கம், இன்னொரு பக்கம் ரெனாமோங்கற கிளர்ச்சிப் படை. ரெனாமோவுக்குப் பின்னாடி முதல்ல ரொடீசியா (இன்னைக்கு ஜிம்பாப்வே), அப்புறம் நிறவெறி தென்னாப்பிரிக்கா. பதினஞ்சு வருஷம் நடந்துச்சு, பசி பட்டினியையும் சேர்த்து சுமார் 10 லட்சம் பேர் செத்துப் போனாங்க. ரெனாமோ ஆளுங்க சின்னப் பசங்கள கடத்திட்டுப் போய் கையில துப்பாக்கி குடுத்தாங்க, ஊருக்குள்ள பூந்து ஜனங்களோட காத அறுத்தாங்க. திருச்சபைக்கும் அரசாங்கத்துக்கும் ஆகாது, ஃப்ரெலிமோ மார்க்சிய அரசாங்கம், மிஷனரி ஸ்கூல் ஆஸ்பத்திரி எல்லாத்தையும் தேசியமயமாக்கிட்டாங்க. இந்த நிலைமைலதான் 80-கள்ல கத்தோலிக்க ஆயர்கள் ரெண்டு தரப்பும் பேசுங்கன்னு சுற்றுமடல் எழுதுனாங்க, புரோட்டஸ்டன்ட் சபைத் தலைவர்களும் அதையே சொன்னாங்க. கொள்ளைக்காரங்களோட பேசுறதான்னு அரசாங்கத்துக்கு செம கோவம். யாரும் கேக்கல. அவங்க திருப்பி எழுதுனாங்க.

பெய்ரா நகரத்து பேராயர் ஜைமே கொன்சால்வெஸ் எழுதுனதோட நிக்காம 1988-ல காட்டுக்குள்ளயே போய் ரெனாமோ தலைவர் அஃபோன்சோ த்லகாமாவ நேர்ல பாத்தார். ரெண்டு பேரும் ஒரே ந்தாவ் இனத்துக்காரங்க. அந்த ஆளு எப்படிப்பட்ட படைக்குத் தலைவன்னு பேராயருக்குத் தெரியாதா என்ன, அவரோட மக்களத்தான அந்தப் படை வெட்டிட்டு இருந்துச்சு. இருந்தாலும் போனார். எதிர்நோக்குன்னா என்னன்னு என்கிட்ட யாராவது கேட்டா நான் விளக்கம் சொல்ல மாட்டேன் தங்கச்சி, இந்தப் பயணத்தத்தான் சொல்வேன். சண்டை முடியும்னு அவருக்கு யாரும் உறுதி குடுக்கல, திரும்பி வருவோமான்னே தெரியாது, ஆனா இந்த ஆளுகூடயும் பேச முடியும், இவனுக்குள்ளயும் கடவுள் வெச்ச ஏதோ ஒண்ணு மிச்சம் இருக்கும்னு நம்பி ஒருத்தர் காட்டுக்குள்ள போனார்.

அதுக்கப்புறம் ரோம். அங்க சாந்த் எஜிதியோன்னு ஒரு குழுமம் இருக்கு, 1968-ல ஆந்திரேயா ரிக்கார்தின்னு ஒரு ஸ்கூல் பையன் தன்னோட ஃப்ரெண்ட்ஸ சேத்துக்கிட்டு ஆரம்பிச்சது, சாயங்காலம் ஜெபம், பகல்ல ஏழைங்களோட வேலை. திராஸ்தேவெரேங்கற பகுதில ஒரு பழைய கன்னியர் மடத்துலதான் அவங்க இருக்காங்க. 1990 ஜூலைல அந்த மடத்துக்குள்ளதான் அரசாங்க ஆளுங்களும் ரெனாமோ ஆளுங்களும் எதிரெதிரா உக்காந்தாங்க. நடுவுல உக்காந்தவங்க நாலு பேர். ரிக்கார்தி, மத்தேயோ சூப்பின்னு ஒரு இளம் குருவானவர், அந்தப் பேராயர் கொன்சால்வெஸ், இத்தாலி அரசாங்கம் சார்பா மாரியோ ரஃபாயெல்லி. இவங்க கையில படை இல்ல, பணம் இல்ல, மிரட்டுறதுக்கு எதுவுமே இல்ல. ரெண்டு தரப்பையும் ஒண்ணா நிறுத்துற விஷயங்கள முதல்ல தேடுவோம், பிரிக்கிறத அப்புறம் பாப்போம்னு ஆரம்பிச்சாங்க.

27 மாசம் ஆச்சு தங்கச்சி. இத உங்க கிளாஸ்ல அழுத்திச் சொல்லுங்க. அந்த 27 மாசமும் ஊர்ல கொலை நடந்துகிட்டுதான் இருந்துச்சு. பேச்சு நின்னுச்சு, திரும்ப ஆரம்பிச்சுது, ஒரு ஃபைல முடிச்சா அடுத்த ஃபைல்ல முட்டிக்கிட்டாங்க. அந்த நேரத்துல மொசாம்பிக்ல ஒரு கிராமத்து கோயில்ல உக்காந்து சமாதானத்துக்கு ஜெபிச்சிட்டு இருந்த ஒரு அம்மாவுக்கு ரோம்ல என்ன நடக்குதுன்னு என்ன தெரியும்? அவங்க பையனும் நம்ம பையன் கேட்ட அதே கேள்வியத்தான் கேட்டிருப்பான். 1992 அக்டோபர் 4-ஆம் தேதி, புனித பிரான்சிஸ் அசிசி திருநாள் அன்னைக்கு, அதிபர் ஜோவாகிம் சிசானோவும் த்லகாமாவும் ரோம்ல கையெழுத்து போட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு தேர்தல் நடந்துச்சு. பக்கத்து நாடுகளுக்கு ஓடிப்போன சுமார் 17 லட்சம் பேர் ஊருக்குத் திரும்புனாங்க.

ஜெபத்தாலதான் எல்லாம் நடந்துச்சுன்னு பிள்ளைங்ககிட்ட அளந்து விட்டுடாதீங்க. பனிப்போர் முடிஞ்சு வெளிநாட்டு உதவி வத்திப் போச்சு, தென்னாப்பிரிக்கா மாறிக்கிட்டு இருந்துச்சு, பெரிய வறட்சி வந்து ரெண்டு படைக்கும் சாப்பாடே இல்லாமப் போச்சு. இதெல்லாம் சேந்துதான் அவங்கள மேஜைக்குத் தள்ளுச்சு. ஆனா தள்ளப்பட்டு வரும்போது உக்கார ஒரு மேஜை இருக்கணும்ல, ரெண்டு பேரும் நம்புற நாலு மனுஷங்க இருக்கணும்ல. அது ஒரே நாள்ல வந்துடாது. யாருமே கேக்காத காலத்துல எழுதுன அந்த சுற்றுமடல்ல இருந்துதான் அது ஆரம்பிச்சுது.

பிள்ளைங்களுக்கு இன்னும் புடிக்கப்போறது இதுக்கு அடுத்த கதைதான். சண்டை முடிஞ்சாச்சு, ஆனா துப்பாக்கி எல்லாம் வீட்டுக்கு வீடு மண்ணுக்குள்ள புதைஞ்சு கெடக்கு. தினிஸ் செங்குலானேன்னு ஒரு ஆங்கிலிக்கன் ஆயர், 1995-ல அங்க இருக்கற கிறிஸ்தவ சபைகளோட கூட்டமைப்பு மூலமா ஒரு திட்டம் கொண்டு வந்தார். துப்பாக்கிய கொண்டாந்து குடுங்க, பதிலுக்கு தையல் மெஷினோ சைக்கிளோ மண்வெட்டியோ கூரைத் தகடோ வாங்கிட்டுப் போங்க. யார்கிட்ட இருந்து வந்துச்சு, எதுக்கு வெச்சிருந்தேன்னு கேள்வி கிடையாது. ஒரு கிராமமே சேர்ந்து துப்பாக்கிங்கள குடுத்து ஒரு டிராக்டர் வாங்குனாங்க. "தங்கள் வாள்களைக் கலப்பைக் கொழுக்களாக" அடிச்சுக்குவாங்கன்னு எசாயா ரெண்டாம் அதிகாரத்துல இருக்குல்ல, அத அப்படியே செஞ்சு பாத்துட்டாங்க. வாங்குன துப்பாக்கிங்கள அறுத்து கலைஞர்கள்கிட்ட குடுத்தாங்க. கெஸ்டர்னு ஒருத்தர் 2001-ல அதுல ஒரு நாற்காலி செஞ்சார், இப்ப லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. போட்டோவ போன்ல காட்டுங்க பசங்களுக்கு. கை வைக்கிற எடம், காலு, முதுகு எல்லாமே துப்பாக்கிதான், சாய்மானத்து உச்சில ரெண்டு துப்பாக்கிக் கட்டை நிக்குது, அதுல இருக்கற ஓட்டையும் ஸ்க்ரூவும் சேந்து ரெண்டு முகம் சிரிக்குறதா தெரியும். கெஸ்டரோட உறவுக்காரங்களே அந்தச் சண்டைல பாதிக்கப்பட்டவங்கதான்.

இதோட எல்லாம் சுபம்னு சொல்லி முடிச்சா அது பொய். ரெண்டு பக்கமும் பொதுமன்னிப்பு குடுத்துட்டாங்க, காத அறுத்தவன யாரும் கோர்ட்டுல ஏத்தல, பாதிக்கப்பட்டவங்களுக்கு அது இன்னைக்கும் வலிதான், எனக்கும் அது நெருடுது. 2013-ல ரெனாமோ திரும்ப துப்பாக்கிய எடுத்துச்சு, 2019-ல தலைநகர் மாபுட்டோவுல இன்னொரு உடன்படிக்கை போட வேண்டியிருந்துச்சு. 2017-ல இருந்து வடக்கே காபோ டெல்காடோ மாகாணத்துல வேற ஒரு பயங்கரம் ஓடிக்கிட்டு இருக்கு. சமாதானம் ஒரு தடவ வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டுற சாமான் இல்ல. உயிர்த்த ஆண்டவர் கதவப் பூட்டிட்டு பயந்து உக்காந்திருந்த சீடர்கள் நடுவுல வந்து "உங்களுக்கு அமைதி உரித்தாகுக"ன்னு சொன்னப்ப கையோட கையா என்ன காட்டுனார்? தன்னோட காயத்த. உயிர்த்தெழுந்த பிறகும் காயம் அங்கதான் இருந்துச்சு. நம்ம எதிர்நோக்கு காயம் இல்லாத உலகத்த காட்டி ஏமாத்துற வேலை இல்ல, அதனாலதான் நான் இன்னும் அத புடிச்சிக்கிட்டு இருக்கேன்.

அந்த இளம் குருவானவர் சூப்பி சொன்னேன்ல, அவர் இப்ப இத்தாலில போலோஞ்ஞா நகரத்து கர்தினால். 2023-ல போப் பிரான்சிஸ் அவரத்தான் கீவுக்கும் மாஸ்கோவுக்கும் அனுப்புனார். சண்டை நிக்கல. ஆனா உக்ரைன்ல இருந்து கொண்டுபோகப்பட்ட குழந்தைங்க விஷயம், கைதிங்க விஷயம்னு அந்த வழியா பேச்சு ஓடுச்சு, கொஞ்சம் பேர் வீடு திரும்பியிருக்காங்க. காசாவுல திருக்குடும்ப ஆலயம்னு ஒரே ஒரு கத்தோலிக்க பங்கு. சண்டை தொடங்குனதுல இருந்து போப் பிரான்சிஸ் கிட்டத்தட்ட தினமும் சாயங்காலம் அங்க போன் போட்டார், ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பவும் போட்டார், இன்னைக்கு என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டார். அவரு சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் அந்த போன் போச்சு. அதுக்கப்புறம் 2025 ஜூலைல அந்தக் கோயில் மேலயே குண்டு விழுந்து மூணு பேர் செத்தாங்க, பங்குத் தந்தைக்கும் காயம். போன் பண்ணதால குண்டு நிக்கலதான். ஆனா அங்க அடைஞ்சு கெடந்த ஜனங்க அந்த நேரத்துக்காக தினமும் காத்திருந்தாங்க. உங்க பையன்கிட்ட இதையும் சொல்லுங்க, அவனுக்குப் புரியும், இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஒருத்தன் போன் வராத வலி நல்லாவே தெரியும்.

மன்றாட்ட மாத்துங்க. அடுத்த வாரம் அத அந்தப் பையனையே எழுத சொல்லுங்க. உலக அமைதின்னு பொத்தாம்பொதுவா வேண்டாம், ஊர் பேரு வரணும், மாசத்துக்கு ஒரு இடம் போதும், சூடான்னா அங்க எல்-ஃபாஷர் நகரத்துல என்ன நடந்துச்சுன்னு அவன் தேடிப் படிச்சிட்டு எழுதட்டும். ரெண்டு பக்கத்து அம்மாமாருக்கும் சேத்து எழுத சொல்லுங்க. நமக்குப் புடிச்ச பக்கத்துக்கு மட்டும் ஜெபிக்கிறது கட்சி கட்டுறது, மத்தேயு அஞ்சாம் அதிகாரத்துல ஆண்டவர் பகைவருக்காக வேண்டச் சொன்னது அந்த மனச உடைக்கத்தான். உங்களுக்கு மனசு ஒட்டலன்னீங்களே, ஊரும் மனுஷங்களும் தெரிய வந்தா ஒட்டும். ஒட்டாத வாரத்துல ஒட்டலன்னே ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு உக்காருங்க, அதுவும் ஜெபம்தான்.

இப்ப உங்க பி.கு. அத நீங்க கிண்டலா எழுதிட்டீங்க, எனக்கு உங்க லெட்டர்லயே அதுதான் முக்கியமா பட்டுச்சு. தேர் ஏன் அந்தத் தெருவுக்குள்ள போகல? ரோடு சின்னது, கரண்டு கம்பி தாழ்வா இருக்குங்கறதுனாலயா, இல்ல அந்தத் தெருவுல இருக்கற ஜனங்க யாருங்கறதுனாலயா? அந்த ரெண்டாவதுதான்னா சமாதானமா போங்கன்னு அந்தத் தெருக்காரங்ககிட்ட போய் சொல்லாதீங்க, அது அநியாயம். அவங்க பக்கம் நியாயம் இருக்குன்னு ஃபாதர்கிட்டயும் பங்குப் பேரவைலயும் வாயத் தொறந்து சொல்ல வேண்டியது உங்கள மாதிரி ஆளுங்கதான், டீச்சர் சொன்னா எடுபடும். வெறும் வழித் தகராறு, வார்த்தை தடிச்சுப் போனதுதான்னா, ரெண்டு தெருவையும் கூட்டி மீட்டிங் போடாதீங்க, ஜெயிக்கிறதுக்குன்னே வருவாங்க. உங்க கிளாஸ்ல ரெண்டு தெருப் பிள்ளைங்களும் இருப்பாங்கல்ல? அவங்கள்ல உங்க தெருவுக்கு எதிர்த் தெரு பிள்ளையோட வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போங்க. தேர் பேச்ச நீங்களா எடுக்காதீங்க. மூணு வருஷமா உங்க பக்கத்துல இருந்து யாரும் ஏறாத வாசல் அது, அவங்க கொட்டுவாங்க, திட்டக்கூட செய்வாங்க, உக்காந்து கேளுங்க. திருவிழாவுக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கோ தெரியல, கொடியேத்தத்துக்கு ரொம்ப முன்னாடியே போயிடுங்க, கடைசி வாரத்துல போனா தேருக்காக வந்திருக்கான்னுதான் நினைப்பாங்க. போயிட்டு வந்து எனக்கு எழுதுங்க.