தோட்டம் கேள்வி - பதில்: பூத்தும் காய்க்காத எலுமிச்சை

கேள்வி: தொட்டியில் வைத்த ஒட்டு எலுமிச்சை கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் உதிர்ந்துவிடுகிறது. என்ன உரம் போடலாம்?

பதில்: உரத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். எலுமிச்சை தன் பூக்களில் பெரும்பகுதியை எப்படியும் உதிர்க்கும். நூறு பூவில் நாலைந்து நின்றாலே நல்ல காய்ப்புதான். ஒன்றுகூட நிற்கவில்லை என்றால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். இலை சுருளும் வரை காயவிட்டு, பிறகு வாளி வாளியாக ஊற்றுவது பிஞ்சுக்கு ஆகாது. மண் வறண்டதும் மரம் சுமையைக் குறைக்கப் பார்க்கிறது. காம்பின் அடியில் செல்கள் தளர்ந்து பிஞ்சு கழன்றுவிடுகிறது. விரலை 5 செ.மீ. ஆழம் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இல்லையென்றால், அடித்துளை வழியே வடியும் வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிட வேண்டும்.

அடுத்தது வெயில். ஒரு நாளைக்கு 6 மணி நேரமாவது நேரடி வெயில் படாத இடத்தில் பூ வரும், காய் நிற்காது. தொட்டி 40 லிட்டருக்குக் குறைவாக இருந்தால் அதையும் மாற்றுங்கள். மாற்றும்போது மண்ணுருண்டையைச் சுற்றி வளைந்து கிடக்கும் வேர்களை இரண்டு மூன்று இடத்தில் கீறிவிட்டு வையுங்கள். இல்லையென்றால் புதுத் தொட்டியிலும் பழைய வட்டத்திலேயே சுற்றும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் இலையைப் பாருங்கள். கரும்பச்சை இலையும் நீளமான கொழுந்துமாகச் செழித்து நின்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி. இன்னும் போட்டால் இன்னும் இலைதான். முதிர்ந்த இலைகள் முழுதாக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை. மண்ணில் இரும்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நீர் தேங்கி வேர் மூச்சுத்திணறும், அல்லது காரத்தன்மை கூடியிருக்கும்.

ஒட்டுக்குக் கீழே முள்ளோடு விறுவிறுவென ஒரு கிளை கிளம்பியிருந்தால் அது வேர்ச்செடியின் (வேருக்காக ஒட்டின் அடியில் வைத்த செடியின்) கிளை. அடியோடு எடுத்துவிடுங்கள், விட்டால் மேலே உள்ள நல்ல ரகத்தை அமுக்கிவிடும்.

கேள்வி: கொய்யாவில் விண்பதியம் (கிளையை மரத்திலேயே வேர்விடச் செய்து, பிறகு வெட்டி நடுவது) போட்டேன். இரண்டு மாதமாகியும் வேர் இல்லை. பட்டை உரித்த இடம் மூடிக்கொண்டது.

பதில்: உரித்தது போதவில்லை. பட்டையை மட்டும் எடுத்தால் போதாது; அதன் கீழே கட்டையின் மேல் வழுவழுப்பாக ஒரு மெல்லிய படலம் இருக்கும். அதைக் கத்தி முதுகால் சுரண்டி எடுக்காவிட்டால் புதுப் பட்டை வளர்ந்து இரு பக்கமும் சேர்ந்துவிடும். இலை தயாரித்த உணவு பழையபடி கீழே இறங்கிவிடுவதால் வேர்விட அங்கே காரணமே இல்லை.

பென்சில் பருமனுள்ள, முற்றியும் முற்றாத கிளையை எடுங்கள். நுனியிலிருந்து 40 செ.மீ. உள்ளே, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, 2.5 செ.மீ. அகலத்துக்கு வளையமாக உரியுங்கள். சுரண்டியபின் வளையத்தின் மேல் விளிம்பில் வேரூக்கிப் பொடியைத் தடவுங்கள். வேர் அங்கேதான் வரும். தென்னைநார்க் கழிவை நனைத்து, பிழிந்தால் சொட்டாத பதத்தில் இரண்டு கைப்பிடி வைத்து மூடி, பாலித்தீன் தாளால் சுற்றி இரு முனையையும் இறுக்கிக் கட்டுங்கள். சொதசொதவென்று வைத்தால் வேருக்குப் பதில் அழுகல் வரும். நேர் வெயில் படுமானால் மேலே ஒரு துணியும் சுற்றலாம்.

செடி வேகமாக வளரும் பருவத்தில் 6 முதல் 8 வாரத்தில் தாளுக்குள் வேர் தெரியும். வெள்ளை வேர் ஒன்றிரண்டு தெரிந்ததும் வெட்டிவிடாதீர்கள். அவை கிளைத்துப் பழுப்பேறட்டும். வெட்டியதும் இலையில் பாதியைக் குறைத்து, மூன்று வாரம் நிழலில் வையுங்கள். பதியக் கன்றுகள் சாவது பெரும்பாலும் இந்த மூன்று வாரத்தில்தான்.

கேள்வி: கொத்தமல்லி நாலு இலை விட்டதும் பூத்துவிடுகிறது. விதை கெட்டதா?

பதில்: விதையைக் குறை சொல்ல முடியாது. சூடும் வறட்சியும் கொத்தமல்லியைப் பூக்கத் தள்ளும். நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நட்டாலும் அப்படித்தான். ஆணிவேர் அறுந்தால் செடி பதறிவிடும். நேரடியாக விதையுங்கள், மதிய வெயில் படாத இடத்தில். உருண்டையை லேசாக அழுத்தி இரண்டாகப் பிளந்து, 1 செ.மீ. ஆழத்தில் தூவி மூடுங்கள். முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும்; அதுவரை மேல்மண் காயக் கூடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் தூவாமல் மூன்று வாரத்துக்கு ஒரு பிடி என்று விதைத்தால் தழை தொடர்ந்து கிடைக்கும். பூத்த செடியை வெட்டி வெட்டி மீட்கப் பார்ப்பது வீண், விதைக்கு விட்டுவிடுங்கள்.

கேள்வி: புதினா, துளசி, ரோஸ்மேரி மூன்றையும் ஒரே நீளத் தொட்டியில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். புதினாவுக்கு ஈரம் காயக் கூடாது, ரோஸ்மேரிக்குக் காய்ந்தாக வேண்டும். போதாததற்கு, புதினா ஓடுதண்டுவிட்டு மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். புதினாவுக்குத் தனித் தொட்டி. ரோஸ்மேரிக்கு மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பருமணல்.

கேள்வி: கறிவேப்பிலையில் பறவை எச்சம் போன்ற புழுக்கள். பக்கத்தில் எலுமிச்சை இருப்பது காரணமா?

பதில்: இரண்டும் ஒரே குடும்பம், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிக்கு இரண்டுமே தீனி. எச்சம் போலத் தெரிவது இளம் புழு, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். இடுப்புயரச் செடியில் மட்டும் கையால் பொறுக்குங்கள், கொழுந்தில் ஒட்டிய கடுகளவு வெளிர் முட்டையையும் சேர்த்து. சமையலுக்குப் பறிக்கும் இலை என்பதால் மருந்துப் பக்கம் போகாதீர்கள்.