வாசகர் கேள்வி–பதில்: ஜப்பானில் பழமையை எங்கே பார்ப்பது?

கேள்வி: கியோட்டோவின் பொற்கோயிலே 1955-இல் கட்டப்பட்டதுதான் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படியானால் அதைப் பழஞ்சின்னம் என்று எப்படிக் கொண்டாடுகிறார்கள்? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நண்பர் சொல்வது சரியே. ஷோகுன் (படைத்தலைமை ஆட்சியாளர்) அஷிகாகா யோஷிமிட்சு 1397-இல் தமக்கு ஓய்வு மாளிகையாக எழுப்பத் தொடங்கி, அவர் மறைவுக்குப்பின் ஜென் பௌத்த ஆலயமான கின்ககுஜியின் பொன் மண்டபம், 1950-இல் அங்கேயே பயின்றுவந்த இளம் துறவி ஒருவர் வைத்த தீயில் எரிந்து சாம்பலாயிற்று. இன்று நாம் பார்ப்பது 1955-இல் பழைய வடிவத்திலேயே எழுப்பப்பட்டது. மேலிரண்டு தளங்களுக்குத்தான் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். கீழ்த்தளம் வெறும் மரமும் வெள்ளைச் சுவருமாகவே நிற்கிறது. மண்டபத்தைத் தாங்கி நிற்கும் குளமும், அதிலுள்ள சிறு தீவுகளும், சுற்றியுள்ள தோட்டமும் பழையவை என்பதால், அங்கே செல்பவர்கள் பொன்னைப் படமெடுத்த கையோடு திரும்பிவிடாமல் குளக்கரையிலும் சற்று நேரம் நின்று பார்க்க வேண்டும்.

மரத்தால் கட்டும் நாட்டில் தீயும் நிலநடுக்கமும் ஓயாதவை. ஆகவே கட்டடத்தின் வயதை மரத்தின் வயதைக் கொண்டு மட்டும் அவர்கள் கணக்கிடுவதில்லை. இசே பெருங்கோயிலில் தீ விபத்துக்கூடத் தேவையில்லை. இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை, பக்கத்திலேயே ஒதுக்கி வைத்திருக்கும் காலி மனையில் அதே அளவில் புதுக்கோயில் கட்டி, தெய்வத்தை அங்கே எழுந்தருளச் செய்த பிறகு பழையதைப் பிரித்துவிடுவார்கள். 62-ஆவது முறை 2013-இல் நடந்தது. அடுத்தது 2033-இல் வரும். தச்சுக்கலை தலைமுறை விட்டுத் தலைமுறை கைமாறுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வேலிகளுக்கு அப்பால் கூரை மட்டுமே கண்ணில் படும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

அந்தக் காலத்து மரத்தையே காண விரும்பினால், நாராவுக்கு அருகிலுள்ள ஹோர்யூஜிக்குச் செல்லுங்கள். 670-இல் எரிந்த பின் மீண்டும் எழுப்பப்பட்ட அதன் பொன்மண்டபமும் ஐந்தடுக்குக் கோபுரமும், உலகில் இன்றும் நிற்கும் மரக்கட்டடங்களில் மிகப் பழையவையாகக் கருதப்படுகின்றன. கியோட்டோவின் நெரிசலோடு ஒப்பிட்டால் இங்கே கூட்டமும் குறைவு.

கேள்வி: நாராவின் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறந்தவர் ஓர் இந்தியர் என்பது உண்மையா? (வாசகி, மதுரை)

பதில்: உண்மை. 736-இல் சீனா வழியாக ஜப்பான் சேர்ந்த போதிசேனர் என்னும் பிட்சுவே, பேரரசர் ஷோமு எடுப்பித்த தோதாய்ஜி ஆலயத்தின் வெண்கலப் புத்தருக்கு 752-இல் கண் திறந்தார். அவர் கையிலிருந்த தூரிகையில் நீண்ட நீலப் பட்டுக்கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தோர் அவற்றைப் பிடித்துக்கொண்டதால், அந்தப் புண்ணியத்தில் அவர்களுக்கும் பங்கு கிடைத்ததாகக் கருதினார்கள். அத்தூரிகையும் கயிறும் ஷோசோயின் என்னும் அரச கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. அவரைத் தென்னிந்திய அந்தணத் துறவி என்றே ஜப்பானியப் பழங்குறிப்பு சொல்கிறது. எந்த ஊர் என்று உறுதி கூறச் சான்று இல்லை என்பதால், மதுரை வாசகி பொறுத்தருள வேண்டும்.

சிலையின் உயரம் ஏறத்தாழ 15 மீட்டர். 855-இல் நிலநடுக்கத்தில் தலை விழுந்தது; 1180-இலும் 1567-இலும் போர்த் தீயில் மண்டபம் எரிந்தது. இப்போதுள்ள தலை பதினேழாம் நூற்றாண்டில் வார்த்தது. 1709-இல் நிறைவேறிய இன்றைய மண்டபமோ பழையதைவிட அகலத்தில் குறுகியது. போதிசேனர் காலத்து வெண்கலத்தைத் தேடுபவர்கள் முகத்தை விட்டுவிட்டுப் பீடத்தைப் பார்க்கலாம்: தாமரை இதழ்கள் சிலவற்றில் அக்காலத்தில் கீறிய நுண்ணிய புத்தர் உருவங்கள் எஞ்சியிருக்கின்றன.

கேள்வி: ஒரு கோட்டைதான் பார்க்க நேரம் உண்டு. ஒசாகாவா, ஹிமேஜியா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஹிமேஜி. ஒசாகாவின் கோபுரம் 1931-இல் கான்கிரீட்டில் கட்டியது. உள்ளே லிஃப்ட் வசதியோடு அருங்காட்சியகமாக இயங்குகிறது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுவே உத்தமம். இகேதா தெருமாசா 1609-இல் முடித்த ஹிமேஜியின் பெருங்கோபுரமோ, 1945-இல் சுற்றியிருந்த நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோதும் தப்பி நிற்கும் அசல் மரக்கட்டடம். காலணியைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, ஏணி போன்ற செங்குத்தான படிகளில் ஏற வேண்டும். சுவர்களோடு கூரை ஓடுகளின் இடுக்குகளிலும் சுண்ணச்சாந்து பூசியிருப்பதே தொலைவிலிருந்து கோட்டை முழுவதும் வெண்மையாகத் தெரியக் காரணம். மேலே போகும் வழி வேண்டுமென்றே வளைந்து திரும்புவதையும், மதில்களில் வட்டமும் முக்கோணமும் சதுரமுமாக விட்டிருக்கும் எய்துளைகளையும் கவனித்தபடி சென்றால், தாக்க வந்தவன் பட்டிருக்கக்கூடிய பாடு விளங்கும்.

கேள்வி: ஜப்பானின் ‘முப்பெருங்காட்சி’களில் எதற்கு முதலிடம் தருவீர்கள்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: தீவுகள் சிதறிய மாட்சுஷிமா, பைன் மரங்கள் அடர்ந்த மணல்திட்டு கடலைக் குறுக்கே கடக்கும் அமனோஹாஷிதாதே, மியாஜிமா தீவு ஆகிய மூன்றில் என் வாக்கு மியாஜிமாவுக்கே. ஹிரோஷிமாவிலிருந்து போய்வருவது எளிது என்பதும் ஒரு காரணம். அங்குள்ள இத்சுகுஷிமா ஆலயத்துக்குரிய, கடலுக்குள் நிற்கும் நுழைவாயில் 1875-இல் கற்பூர மரத்தால் நிறுவியது. அதன் தூண்கள் கடலடியில் புதைக்கப்படவில்லை. உச்சி உத்திரத்தின் உட்கூட்டில் நிரப்பிய கற்களின் பாரமும் சேர்ந்து அலையிலும் அசையாமல் நிறுத்துகிறது. ஏற்றத்தின்போது நீரில் மிதப்பதுபோல் தோன்றும். வற்றத்தின்போது தூண்வரை நடந்தே போகலாம். இரண்டையும் காணும்படி அன்றைய ஓத நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: ஃபூஜி மலையைத் தனியாகப் பயணம் போகாமல் பார்க்க முடியுமா? (வாசகர், சேலம்)

பதில்: முடியும். டோக்கியோவிலிருந்து கியோட்டோ செல்லும் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் வலப்பக்க ஜன்னல் இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் மலை தெரியும். கோடையில் பெரும்பாலும் மேகம் மறைத்துவிடும். குளிர்காலக் காலை நேரங்களில் வாய்ப்பு அதிகம்.