ஆக்சிஜன் டப்பா வாங்கினால் படிப்பும் ஆட்டமும் கூடுமா?

கேள்வி: பெரியவன் நாமக்கல்லில் தங்கி நீட் தேர்வுக்குப் படிக்கிறான், சின்னவன் கபடி ஆடுகிறான். ஸ்ப்ரே டப்பா மாதிரி வரும் ஆக்சிஜனை நாலு இழுப்பு இழுத்தால் மூளை சுறுசுறுப்பாகும், உடம்பு வலி போகும் என்று விளம்பரம் பார்த்துவிட்டு ரெண்டு பேரும் கேட்கிறார்கள். வாங்கலாமா? மில்லில் வேலை பார்த்த என் மாமனாருக்கும் மூச்சு வாங்குகிறது, அவருக்கு உதவுமா?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: பசங்களுக்கு வேண்டாம்ங்க, அந்தக் காசுக்கு முட்டையும் பழமும் வாங்கிக் கொடுங்கள். நாம் இழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது, நல்ல நுரையீரல் உள்ளவருக்கு ரத்தத்தின் ஹீமோகுளோபின் அதிலேயே 97, 98 சதவீதம் நிரம்பிவிடும், அதற்கு மேல் சுத்த ஆக்சிஜனையே இழுத்தாலும் ரத்தத்தில் கூடுதலாகக் கரைவது கொஞ்சம்தான். மூளை உடல் எடையில் 2 சதவீதம் இருந்துகொண்டு ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது உண்மை. ஆனால் ஆக்சிஜன் அதிகமானால் மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கி ரத்த ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கின்றன. ஆக்சிஜன் இழுத்த கையோடு வார்த்தைகளை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஞாபகம் சற்றுக் கூடியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, சரி, ஆனால் அது சில நிமிட விஷயம், மூன்று மணி நேரத் தேர்வுக்கு அதை நம்ப முடியாது.

கபடிக்கும் அதே கதைதான். ஆய்வுக்கூடத்தில் முகமூடி போட்டபடியே சைக்கிள் மிதிப்பவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் உண்மையில் கைகொடுக்கிறது, தசை தாக்குப்பிடிக்கிறது. களத்துக்கு வெளியே நின்று இழுத்துவிட்டு உள்ளே போனால்? உடம்பில் ஆக்சிஜனைச் சேர்த்து வைக்க இடமில்லை, கொஞ்ச நேரத்தில் பழைய அளவுக்கே வந்துவிடும். மறுநாள் வரும் வலி தசைநார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது, டப்பா அதைத் தொடவே தொடாது. டப்பாவின் மேல் 10 லிட்டர் என்று போட்டிருக்கும், பெரிதாகத் தெரியும், ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கிறோம்.

மாமனார் விஷயம் வேறு, அங்கே ஆக்சிஜன் மருந்து. அவரை முதலில் நுரையீரல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், நீங்களாக எதையும் வைக்காதீர்கள். நாள்பட்ட மூச்சடைப்பு நோய் இருந்தால் ஆக்சிஜன் அதிகமாவதே ஆபத்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கம் வரலாம், அதனால்தான் அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பொதுவாக 88 முதல் 92 சதவீதத்துக்குள் வைக்கிறார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மெஷினை உடனே விலைக்கு வாங்காமல் மாத வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். எடுக்கும்போது நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் வருகிறது என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், 90க்குக் கீழே காட்டினால் வேறு மெஷின் கேளுங்கள். கரண்ட் போனால் என்ன ஏற்பாடு என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், மெஷின் ஓடும் அறையில் பீடி, விறகடுப்பு, சாமி விளக்கு எதுவும் கூடாது.