கண்ணகி சிலை ஏன் அகற்றப்பட்டது?

கேள்வி: சென்னை மெரீனாவிலிருந்த கண்ணகி சிலை ஒரு காலத்தில் காணாமற்போனது ஏன்? (வாசகி, உவர்மலை, திருகோணமலை)

பதில்: 1968 சனவரியில் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, கடற்கரைச் சாலையில் தமிழ்ச் சான்றோர் பலருக்குச் சிலைகள் எழுந்தன. அவற்றுள் கையில் சிலம்பேந்தி, நீதி கேட்கும் கோலத்தில் நிற்கும் கண்ணகியும் ஒருத்தி. 2001 டிசம்பரில், லொறி மோதிப் பீடம் சேதமடைந்ததாகவும் போக்குவரத்துக்கு இடையூறென்றும் கூறி அ.தி.மு.க. அரசு அச்சிலையை அகற்றியது. வாஸ்து நம்பிக்கையே உண்மைக் காரணமென்ற பேச்சும் அப்போது பரவலாக அடிபட்டது. சேதமே காரணமெனில் பீடத்தைச் செப்பனிட்டு அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கேள்வி. கருணாநிதியும் தமிழறிஞர்களும் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் ஆட்சி மாறிய பின்னரே, 2006 சூனில், சிலை மெரீனாவுக்குத் திரும்பியது.

வைகாசியில் கண்ணகி அம்மனின் சினம் தணிக்கும் குளிர்த்திச் சடங்கு செய்து, அவள் கதை கூறும் வழக்குரை காவியம் படிக்கும் நம் கிழக்கிலங்கை மக்களுக்கு அவள் இலக்கியப் பாத்திரம் மட்டுமல்லள், தாய்த்தெய்வமும் ஆவாள். ஆதலால் அச்செய்தி இங்கும் பலரை வருத்தியதில் வியப்பில்லை.