மின்பாதையின் திறன் காரணி: வாசகர் கேள்விகள்

கேள்வி: ரயில்வேயின் 25 கிலோவோல்ட் ஒருமுனை மேல்நிலைப் பாதையில் சுமையின் திறன் காரணி (வாட்டை வோல்ட் ஆம்பியரால் வகுத்தால் வரும் எண்) 0.8 என்றால், மின்சாரத்தை அனுப்பும் துணை மின்நிலையத்திலும் 0.8தானே?

பதில்: இல்லை. எந்தப் பக்கத்தில் என்று சொல்லாமல் திறன் காரணியைச் சொல்வதில் பொருளே இல்லை. சுமை 2,000 கிலோவாட், சுமையருகே 25 கிலோவோல்ட், பின்தங்கும் (மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்னால் வரும்) 0.8 என்று கொள்வோம். மின்னோட்டம் 100 ஆம்பியர். பாதையின் மொத்த மின்தடை 5 ஓம், மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குப் பாதையின் தூண்டல் காட்டும் எதிர்ப்பு) 10 ஓம். மின்னழுத்தத்தின் கோசைன் கூறு 25,000 × 0.8 = 20,000. அதனுடன் மின்தடையில் விழும் 500 வோல்ட்டைக் கூட்டுங்கள். சைன் கூறு 25,000 × 0.6 = 15,000; அதனுடன் மின்மறுப்பில் விழும் 1,000 வோல்ட். 20,500, 16,000 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 26,005 வோல்ட். இது அனுப்பும் பக்கத்து மின்னழுத்தம். 20,500ஐ இதனால் வகுத்தால் அந்தப் பக்கத்துத் திறன் காரணி 0.788.

விடையைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. பாதை இழப்பு 50 கிலோவாட். ஆக அனுப்புவது 2,050 கிலோவாட், 2,600.5 கிலோவோல்ட் ஆம்பியர். வகுத்தால் அதே 0.788. தேர்வு எழுதும் மாணவர்கள் இந்த ஒரு வரியை ஏனோ எழுதுவதே இல்லை.

கேள்வி: அனுப்பும் பக்கத்தில் திறன் காரணி எப்போதும் குறைந்துதான் இருக்குமா?

பதில்: பாதையைப் பொறுத்தது. மேலே மின்மறுப்பு, மின்தடையைப் போல் இரு மடங்கு. சுமையிலோ இந்த விகிதம் 0.75தான். அதனால் குறைந்தது. மின்தடை 10 ஓம், மின்மறுப்பு 5 ஓம் என்று இடம் மாற்றிப் பாருங்கள், 0.805 வரும். மெல்லிய கம்பியில் இழப்பு கூடியதால் கிடைத்த இந்த உயர்வில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: ஒரு கம்பியின் மின்தடையை மட்டும் எடுத்தால் போதுமா?

பதில்: போதாது. இரு கம்பிப் பாதையில் போக, வர இரண்டையும் சேர்க்க வேண்டும். ரயில் பாதையில் தண்டவாளம் வழியாகத் திரும்புவதால் வெறுமனே இரண்டால் பெருக்கவும் கூடாது.

கேள்வி: மின்தேக்கி வைத்துச் சுமையின் திறன் காரணியை 0.95 ஆக்க எவ்வளவு தேவை?

பதில்: மேற்கண்ட சுமைக்குச் சுமார் 843 கே.வி.ஏ.ஆர். (வேலை செய்யாத எதிர்வினைத் திறனின் அலகு). மின்னோட்டம் 84 ஆம்பியராகவும் இழப்பு 35.5 கிலோவாட்டாகவும் இறங்கும். மின்தேக்கியைச் சுமையருகே வைத்தால்தான் இந்த ஆதாயம். துணை மின்நிலையத்தில் வைத்தால் பாதை அதே 100 ஆம்பியரைத்தான் சுமக்கும்.

கேள்வி: கட்டக் கோணத்தை (மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கோணம்) அளந்து கோசைன் எடுத்தேன். திறன் காரணி மீட்டர் அதைவிடக் குறைவாகக் காட்டுகிறதே?

பதில்: மீட்டரை நம்புங்கள். டையோடு திருத்தி (மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் கருவி) உள்ள பழைய ரயில் எஞ்சின்கள் இழுக்கும் மின்னோட்டம் தூய சைன் அலை அல்ல. அங்கே வாட்டை, வோல்ட் ஆம்பியரால் வகுப்பதே உண்மையான திறன் காரணி.