உணவக முன்புறத்தில் செயற்கைப் புல் விரிக்கலாமா?

கேள்வி: எங்கள் உணவகத்தின் முன்புறத் திறந்தவெளியில், குழந்தைகள் விளையாடச் செயற்கைப் புல் விரிக்க எண்ணுகிறோம். எங்கள் ஊர் வெயிலை அது தாங்குமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: தரமான புல் தாங்கும், குழந்தைகளின் பாதம் தாங்குமா என்பதே என் கவலை. இயற்கைப் புல்லைப் போல நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் இயல்பு இந்தப் பிளாஸ்டிக் இழைகளுக்கு இல்லை என்பதால், சித்திரை மாத நண்பகலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். தண்ணீர் தெளித்தால் தணியும் சூடு, சிறிது நேரத்திலேயே மீண்டும் ஏறிவிடும். வாங்குமுன் மாதிரித் துண்டு ஒன்றைக் கேட்டுப் பெற்று, உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் போட்டு வைத்து, உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். இழைகளுக்கிடையே நிரப்ப, வெப்பத்தை மேலும் கூட்டும் கறுப்பு ரப்பர் துகளைத் தவிர்த்து, சிலிக்கா மணலையே கேளுங்கள். அடியில் ஜல்லியை இறுக்கி, நீர் வடிய வாட்டம் கொடுக்காமல் வெறும் மண்மீது விரித்தால், ஐப்பசி மழையில் நீர் தேங்கி நாற்றமெடுக்கும். கட்டடத்தின் முகப்பு கண்ணாடியானால் கூடுதல் கவனம் தேவை; அதில் பட்டுத் திரும்பும் வெயில் ஓரிடத்தில் குவிந்து இழைகளை உருக்கிவிடக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நிழல்வலை கட்டுங்கள். ஓரமாகப் புங்கமரமும் நடுங்கள். மரம் நிழல் தரும்வரை, மாலை 5 மணிக்குப் பிறகே குழந்தைகளை அங்கே விளையாட விடுங்கள்.