சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

அம்மாவை நியூயார்க்கிற்கு நேர் விமானத்தில் அனுப்பப் போகிறீர்கள். நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி அன்று காலை 6.30-க்கே இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறதே, பயணம் ஆறரை மணி நேரம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பதினெட்டரை மணி நேரம். சாங்கியிலிருந்து கென்னடி விமான நிலையம் ஏறத்தாழ 15,350 கிலோமீட்டர்.

மறைந்துபோன பன்னிரண்டு மணி நேரம் கடிகாரத்தின் வேலை. கோடைக்காலத்தில் நியூயார்க் நமக்குச் சரியாக 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது. மகளைப் பார்க்க ஜூன் மாதம் போனபோது, தேக்காவில் வாங்கிய என் பழைய முள் கடிகாரத்தை நான் தொடவே இல்லை. இங்கே மாலை ஆறரை, அங்கே காலை ஆறரை. முள் நிற்கும் இடம் ஒன்றுதான். குளிர்காலத்தில் வித்தியாசம் 13 மணி நேரமாகிவிடும், அப்போது திருகித்தான் ஆகவேண்டும்.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வைத்தால் பதினேழு மணி நேரம்தானே வருகிறது என்று அடுத்துக் கேட்பீர்கள். அந்த 15,350 உருண்டையின் மேல் வரும் மிகக் குறுகிய தூரம். பிள்ளைகளின் உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், வட துருவத்தை ஒட்டிப் போகும். நான் போன விமானமோ ஜப்பான் பக்கமாக ஏறி, பசிபிக்கைக் கடந்து போனது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. அது பின்னாலிருந்து தள்ளினால், ஆயிரம் கிலோமீட்டர் சுற்றினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். திரும்பும்போது அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வந்தோம். அதுவும் கிழக்கு நோக்கித்தான்! மகளைப் பார்க்கப் போன சாக்கில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். காற்று தினமும் ஒரே மாதிரி வீசாது என்பதால் பாதையும் நாளுக்கு நாள் மாறும்; அம்மா அரை மணி முன்னால் இறங்கினாலும் வியப்பில்லை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதற்கு ஏர்பஸ் ஏ350-900 வகையின் நெடுந்தூர விமானத்தைப் பயன்படுத்துகிறது. மொத்தம் 161 இருக்கைகள். எகானமி வகுப்பே கிடையாது, பிரீமியம் எகானமியும் பிசினஸும் மட்டும். எடை குறைந்தால்தான் இவ்வளவு தூரம் இறங்காமல் பறக்க முடியும். சாதாரண எகானமி வேண்டுமென்றால் பிராங்க்பர்ட்டில் நின்று போகும் விமானம் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் இதையும் யோசியுங்கள். பிராங்க்பர்ட்டில் இறங்கி நான்கு எட்டு நடந்தபோதுதான் என் கால் என்னுடையதாக இருந்தது.